தொண்டிப் பட்டறையும் மாடியில் இரண்டு அறைகளும்

மகளே,

இதை எழுத உட்கார்ந்திருக்கும்போதும் என் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன், போகவில்லை. உண்மையைச் சொன்னால், போயே ஆக வேண்டும் என்று நான் தேய்க்கவும் இல்லை. நேற்று பேனாவைப் பிடித்தபோது கட்டைவிரல் ஓரத்தில் அந்தக் கறுப்புக் கோடு தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் ஒருத்திக்குத் தன் கையைப் பார்த்துப் பெருமைப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

நீ ஃபோனில் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "திங்கக்கெழமை ஒப்பந்தம் எழுதணும்னு எடத்துக்கார லாத்தா சொல்றாக. அப்பா எப்பவோ சரின்னுட்டாக. ஆனா நீ சரின்னாத்தான் நான் கையெழுத்துப் போடுவேம்மா. மனசில்லாம தலையாட்டிறாத, எனக்குத் தெரிஞ்சிரும்" என்றாய். நான் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை. எனக்கு நேரில் பேச வராது, அது உனக்குத் தெரியும். இருபது வருடமாக நூலகத்திலிருந்து வாரம் இரண்டு புத்தகம் வாங்கி வந்து படிப்பவள், கேட்ட கேள்விக்கு வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லத் தெரியாதவள் என்று உன் அத்தை சொல்வது பொய்யில்லை. அதனால் எழுதுகிறேன். உன் பேரையும் என் பேரையும் போடாமல், நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன். நம் சொந்தத்தில் பத்துப் பேர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல என்னால் ஆகாது.

அந்த இடத்தைப் பற்றி நீ முதலில் சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை. காரைக்குடியில் பிறந்து வளர்ந்த பெண், டிப்ளமோ முடித்து ஓசூரில் இரண்டு வருடம் கம்பெனி வேலை பார்த்தவள், திடீரென்று தொண்டியில் ஒரு பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில் படகு எஞ்சினுக்கு வேலை செய்யும் பட்டறை போடப்போகிறேன், அதன் மாடியிலேயே குடியிருக்கப் போகிறேன் என்றால் எந்த அம்மாவுக்கு உடனே சந்தோஷம் வரும்? நீ காரணம் சொன்னாய். லீவில் வந்து அப்பாவின் பட்டறையில் நின்றபோது, தொண்டியிலிருந்து ஒருவர் படகின் விசிறியைச் சுழற்றும் தண்டை, அந்தப் புரொப்பல்லர் சாஃப்ட்டை, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு தேவகோட்டை வழியாக நம் வீட்டு வாசல்வரை வந்ததைப் பார்த்தாயாம். "அவ்வளவு தூரம் அந்த இரும்பு வர்றதுக்கு நான் போயிட்டா என்ன" என்று நீ கேட்டபோது உன் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நம்மிடம் இருந்த, இரும்பு கடையும் இரண்டு லேத்தில் ஆறடி லேத்தை உனக்குத் தருவதாக அன்றைக்கே சொல்லிவிட்டார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

உன் அத்தை நேமத்தான்பட்டியிலிருந்து அதற்கென்றே பஸ் ஏறி வந்தாள். "பொம்பளப் புள்ளைய கடக்கரையில தனியா விட்டுட்டு, நீ இங்குட்டு உக்காந்து பொஸ்தகம் படிக்கப் போறியாக்கும்" என்றாள். அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் உன்னிடம் பேசும்போது அவள் சொன்னதையே என் வார்த்தைகளில் சொன்னேன். அதற்கு நீ கோபப்படவில்லை. இடத்துக்காரி ஒரு மாதம் இருந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார், லேத்தை இறக்கி வேலையும் செய்து பார்க்கிறேன், அந்த மாதத்துக்குள் வந்து இரண்டு நாள் தங்கிப் பார், நீ வேண்டாமென்றால் லேத்தைத் திருப்பி ஏற்றிவிடுகிறேன் என்றாய். நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று உன் குரலிலேயே தெரிந்தது. அந்த இடத்தின் மேல் உனக்கு எவ்வளவு ஆசை என்றும் தெரிந்தது. அவ்வளவையும் என் ஒரு சொல்லில் நீ ஏன் வைத்தாய் என்பதுதான் அப்போது எனக்குப் புரியவில்லை.

போன வாரம் வந்தேன். திருவாடானை தாண்டியதும் பஸ் ஜன்னலில் காற்று வேறு மாதிரி அடித்தது. தகரக் கேட்டுக்கு முன்னால் நீ அழுக்குக் காக்கிச் சட்டையோடு நின்றிருந்தாய். தலையில் துணி கட்டியிருந்தாய். ஒரு நொடி எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீ என் பையை வாங்கிக்கொண்டு, ஏதோ அரண்மனையைக் காட்டுவது போல ஒவ்வொன்றாகக் காட்டினாய். ஐஸ் உருகாமல் இருக்க முழங்கை அளவு தடித்த சுவர், மேலே பாரம் தூக்கும் சங்கிலி, மூன்று பேஸ் கரண்ட், கழுவினால் தண்ணீர் தானாக ஓடும் சாய்ந்த தரை. பின்பக்கம் படகு எஞ்சினை வண்டியோடு உள்ளே கொண்டுவர ஒரு பெரிய வாசல். மாடியில் சமையல் கட்டு, இரண்டு அறைகள். அதில் ஒன்றின் ஜன்னலைத் திறந்தால் வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குக் கடல். எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருந்தது. மாடிக்குப் போக வெளியே படி இல்லை. பட்டறைக்குள் நுழைந்து, லேத்தைத் தாண்டி, மூலையில் இருக்கும் இரும்புப் படியில்தான் ஏற வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எண்ணெய் மிதித்துக்கொண்டா வருவார்கள் என்று கேட்டேன். "நல்லதுதானேம்மா. வேண்டாத ஆளு எவனும் லேத்தத் தாண்டித்தான் மேல வரணும்" என்றாய்.

நீ அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த ஒரு கதவை நான் என்ன செய்தேன் என்பது உனக்கு மறந்திருக்காது. நம் வீடும் பட்டறைக்குப் பின்னால் ஒட்டிய வீடுதானே. நீ நடக்கப் பழகியதே அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு அப்பாவிடம் ஓடுவாய். இரும்புச் சுருளைப் பொறுக்கி வந்து என் புத்தகத்துக்குள் அடையாளம் வைப்பாய். நீ வயதுக்கு வந்தபோது உன் அத்தை சீர் கொண்டுவந்தாள். போகும்போது, இன்னுமா இவளை நாலு ஆம்பிளை வந்து போகும் இடத்தில் விட்டுவைப்பாய் என்று என் காதில் சொன்னாள். அடுத்த நாள் வீட்டுப் பக்கத்திலிருந்து அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். உன் நல்லதுக்கு என்று சொன்னேன். உண்மையில் அவள் வாய்க்குப் பயந்துதான் போட்டேன். இதை இத்தனை வருடத்தில் உன்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

நீ அழவில்லை. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் பாயைப் போட்டு, முதுகைக் கதவில் சாய்த்து வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்தாய். ஒரு நாள் சாப்பிடும்போது, "ரெண்டாவது கட்டிங்ல டூல் மழுங்கிருச்சுல்லப்பா, சத்தம் மாறிருச்சு" என்றாய். உன் அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவர் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ரசம் எடுக்கப் போவது போல எழுந்து போனேன். அடுப்படியில் நின்று, தாழ்ப்பாளை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை. நாளைக்கு எடுக்கலாம் என்றே வருடங்கள் போயின. பிறகு நீ பாலிடெக்னிக் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிவிட்டது. அதன் பிறகு அவரைப் பார்க்க வேண்டுமென்றால் நீயும் நானும் தெருவைச் சுற்றித்தான் போனோம்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் தொண்டியில் அந்த முதல் சாயங்காலம் நான் தனியாக இருந்தேன். நீயும் லாத்தாவும் கரண்ட் இணைப்பைப் பேர் மாற்றுவது பற்றிக் கேட்கப் போயிருந்தீர்கள். லாத்தாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அந்த இடத்துக்குச் சொந்தக்காரி அவர்தான். தெருவே அவரை அக்கா என்ற அர்த்தத்தில் லாத்தா என்றுதான் கூப்பிடுகிறது. உனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்புவதும், நீ சாப்பிட்டாயா என்று கிண்ணத்தை எட்டிப் பார்ப்பதும் அவர்தான். நீங்கள் வருவதற்குள் உனக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. சமையல் முடிந்துவிட்டது, துணி துவைத்தாகிவிட்டது. கீழே இறங்கினேன். லேத் முழுக்கக் கெட்டியாக எண்ணெய் பூசி விட்டுவைத்திருந்தாய். எனக்கு மனசு ஆறவில்லை. உன் அப்பா சாயங்காலமானால் மெஷினில் பொட்டு எண்ணெய் விடமாட்டார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்து, கித்தானைப் போர்த்துவார். எண்ணெய் இருந்தால் நம் ஊர்ச் செம்மண் தூசி ஒட்டும், அந்தத் தூசி மெஷினின் பெட் என்னும் இரும்பு மேடையை அரித்துவிடும் என்பார். பட்டறைக்குள் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். கல்யாணமான புதிதில் அவருக்குக் கூடமாட நின்று நானும் துடைத்திருக்கிறேன்.

துடைத்தேன். ஒரு மணி நேரம் துடைத்தேன். முகம் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. கித்தானைப் போர்த்திவிட்டு மேலே வந்து, உனக்காகக் கொண்டுவந்த தேன்குழல் டப்பாவைத் திறந்தேன். மத்தியானம் மொறுமொறுப்பாக இருந்தது சாயங்காலம் நமுத்துக் கிடந்தது. உப்பு ஜாடியில் உப்பு தண்ணீர் விட்டிருந்தது. அடடா, கடல் காற்று என்று நினைத்தேனே தவிர, கீழே அவ்வளவு இரும்பைத் துடைத்துக் காயவைத்துவிட்டு வந்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனை புத்தகம் படித்து என்ன, தேன்குழலுக்கும் லேத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட எனக்குத் தெரியவில்லை.

காலையில் படகுக்கார அந்தோணி அண்ணன் எட்டு மணிக்கே சாஃப்ட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஊரில் உனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. படகு கடலுக்குப் போக முறை உண்டு, மறுநாள் விட்டால் இன்னும் இரண்டு நாள் கரையில் கிடக்கும், அதனால் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். இதை ஒழுங்காகச் செய்தால் அவர் துறையில் நிற்கும் மற்றப் படகுக்காரர்களும் வருவார்கள் என்று நீ இரவுச் சாப்பாட்டில் சொன்னாய். நீ கித்தானை இழுத்தாய். பெட் முழுக்க, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக் முழுக்க, மஞ்சளும் சிவப்புமாகத் துரு பூத்திருந்தது.

நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "நேத்து துடைச்சியாம்மா?" என்றாய். அப்பா மாதிரியே துடைத்தேன் என்றேன். எனக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை. நீ ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாய்.  

அந்தோணி அண்ணன் குனிந்து பார்த்தார். "என்னா தாயி, மிசினு செம்பட்டையாவுல்ல இருக்கு" என்றார். நீ எழுந்து, "ஏந் தப்புண்ணே. எண்ணெய் பூச மறந்துட்டேன். மத்தியானத்துக்குள்ள தேச்சு எடுத்துருவேன், சாயங்காலம் உங்க சாஃப்ட்டு கையில இருக்கும்" என்றாய். அதைக் கேட்டு அவர் முகம் மாறியது. எண்ணெய் பூச மறக்கிற ஒருத்தியிடமா சாஃப்ட்டைக் கொடுக்கிறோம் என்று அவர் யோசித்தது எனக்கே தெரிந்தது. தோளிலிருந்து அவர் சாஃப்ட்டை இன்னும் இறக்கவில்லை. எனக்காக நீ உன் பேரைக் கெடுத்துக்கொண்டு நின்றாய். எப்போதும் போல உள்ளே போய்விடலாம் என்று என் கால் சொன்னது. ஆனால் போவதற்கு உள்ளே என்று ஒன்று அங்கே இல்லை. மாடிப்படிக்குப் போவதென்றாலும் லேத்தையும் அவரையும் தாண்டித்தான் போக வேண்டும்.

"அவ மறக்கல. எம்மக பூசித்தான் வச்சிருந்தா. நாந்தான் தெரியாம தொடச்சுவிட்டேன்" என்றேன். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை ஒருவரிடம் நான் குரல் எடுத்துச் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காரைக்குடிக்காரகளா? அதான. அங்குட்டு உப்பு கொழம்புல மட்டுந்தான் இருக்கும். இங்குட்டு காத்துலயே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சாஃப்ட்டைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். இறக்கி வைத்த சத்தத்தைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. போகும்போது உன்னிடம், "நடுக்கடல்ல நின்னுச்சுன்னா நீந்தி வந்துதான் ஒன்னோட சண்டை போடணும், பாத்துக்க" என்றார். "நீந்த வேணாம்ணே, போன் போடுங்க, திட்டு வாங்கிக்கிறேன்" என்றாய் நீ.

பிறகு நீ என்னிடம் வந்து துரு தேய்க்கும் எமரித் தாளையும் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தையும் நீட்டினாய். "சரி, வா. நீயும் கை போடு" என்றாய். மகளே, என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த அழைப்பிதழ்களில் இதைத்தான் முதலில் வைப்பேன். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். எந்தப் பக்கமாகத் தேய்க்க வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்று நீ சொல்லிக்கொண்டே வந்தாய். லாத்தா எட்டிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, அவரும் ஒரு துணியோடு உட்கார்ந்துவிட்டார். நான் வெட்கப்பட்டதைப் பார்த்துவிட்டு, தான் கல்யாணமாகி வந்த புதிதில் கணவரின் எஞ்சினில் கடல் தண்ணீரை ஊற்றிக் கழுவி வைத்த கதையைச் சொன்னார். நாம் மூன்று பேரும் சிரித்ததில் தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பதினொரு மணிக்கு இரும்பு வெள்ளையாகிவிட்டது. நீ லேத்தைப் போட்டாய். முதல் சுருள் இரும்பு நீலமாக எழுந்து விழுந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன். சத்தம் ஒரு தடவை மாறியது. நான் உன்னைப் பார்த்தேன். "ஆமாம்மா, டூல் மழுங்கிருச்சு" என்று நீ கழற்றித் தீட்டப் போனாய். எனக்குக் கேட்டதடி! எனக்கும் கேட்டது!

ஐந்து மணிக்கு அந்தோணி அண்ணன் சாஃப்ட்டை விரலால் தடவிப் பார்த்து, தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் அவர் படகு போனது. அதற்கு அடுத்த நாள், நான் பஸ் ஏறும்போது, இன்னும் இரண்டு பேர் உன் கேட்டுக்கு முன்னால் சாஃப்ட்டோடு நின்றார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அம்மாக்கள் கடிதம் எழுதினால் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். நான் இப்போது அதற்குத் தகுதியான ஆளா என்று தெரியவில்லை. தெரிந்த கொஞ்சத்தைச் சொல்கிறேன். நாங்கள் கற்றுக்கொடுத்தது எல்லாம் காரைக்குடிக் காற்றுக்குச் சரி. அதில் எது உன் ஊர்க் காற்றுக்கு ஆகாது என்று பார்த்துத் தள்ளிவிடு, என் மனம் நோகும் என்று பார்க்காதே. தப்பை உன் தலையில் போட்டுக்கொண்டு யாரையும் காப்பாற்றாதே, என்னையும் சேர்த்துத்தான். சாயங்காலம் என்று வாக்குக் கொடுத்தால் மனதுக்குள் மத்தியானம் என்று வைத்துக்கொள். பசித்தால் முதலில் சாப்பிடு, பிறகு மெஷினைப் போடு. லாத்தாவின் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காதே. உன் அத்தை வந்தால் மேலே கூட்டிப் போய் அந்த விரல் அகலக் கடலைக் காட்டு. அவளும் இந்த வயசுவரை எங்கும் போய்ப் பார்த்தவள் இல்லை. அவள் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஊருக்கு வந்ததும் நான் என்ன செய்தேன் என்று அப்பா உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். தாழ்ப்பாளுக்கு மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டினேன். மூன்றாவது தட்டில் விட்டது. கதவு திறந்தபோது அவர் லேத்தில் குனிந்திருந்தார். இந்தப் பக்கமிருந்து ஆள் வந்து பல வருடமாகிவிட்டதால் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எனக்கு ஒரு புஷ் வளையம் கடைய மட்டுமாவது கற்றுக்கொடுங்கள் என்றேன். "இந்தா, நல்லாத்தான இருந்த? தொண்டிக் காத்து தலைக்கு ஏறிருச்சா?" என்றார். பிறகு என் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார்.  தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். இதோடு நாலு நாள் ஆகிறது. இரண்டு புஷ் கெடுத்திருக்கிறேன். மூன்றாவது சுமார் என்கிறார். அவர் சுமார் என்றால் உனக்குத் தெரியும்.

என் பதில் இதுதான்: போடு கையெழுத்து. மனசில்லாமல் தலையாட்டுகிறேனா என்று என் குரலில் தேட வேண்டாம், இந்தத் தாளை முகர்ந்து பார், கிரீஸ் வாசனை இருக்கும். அவ்வளவையும் என் ஒரு சொல்லில் ஏன் வைத்தாய் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தாழ்ப்பாளைப் போட்டவளே வந்து எடுக்கட்டும் என்று நீ காத்துக்கொண்டிருந்தாய். காத்திருக்க வைத்ததற்கு மன்னித்துவிடு. அந்த இரண்டு அறைகளில் கடல் தெரியும் அறையை வாடகைக்கு விட்டுவிடாதே, அது எனக்கு. மாதம் ஒரு வாரம் வருவேன். புத்தகங்களும் கொண்டுவருவேன், அவை நமுத்துப்போனால் போகட்டும். வந்தால் மாடிக்குப் போகும் வழியில் லேத்துப் பக்கம் நின்று நின்றுதான் போவேன், சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து, சாயங்காலம் லேத்துக்கு நன்றாக எண்ணெய் பூசிவிட்டுப் படு. யார் சொன்னாலும் துடைக்காதே.

அம்மா